பாடியவர் பெயர்

கோபுவின் மெல்லிசைக் குழு தொடங்கி நாற்பது வருஷம் ஆனதற்கு அவர் மகன் பிரேம் ஒரு விழா வைக்க நினைத்தான். கோபு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவர் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் கச்சேரிப் பதிவும் கேசட் பாட்டுமாகப் பதினான்காயிரம் ஃபைல்கள் கிடந்தன. ‘டிராக் 01’ என்ற பெயரில் மட்டும் அறுநூறு. எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி கிளவுடில் ஏற்றிவிட்டால் பழைய ஆட்கள் அவரவர் போனிலேயே கேட்கலாம். ஆனால் எது யார் குரல் என்று காது வைத்துச் சொல்ல, வந்து உட்காரக்கூடியவர் பிரேமுக்குத் தெரிந்து ஒருவர்தான்: குழுவில் பத்தொன்பது வருஷம் பாடிய ஜெயசீலி.

பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். வாரத்தில் மூன்று நாள் சேலையூரிலிருந்து பஸ் பிடித்து, பள்ளிக்கரணையில் பிரேமின் ஃபிளாட்டுக்கு வந்தாள். ஒரே பாட்டு ஐந்து முறை இருந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பாள். பாடியவர், வாசித்தவர், எந்த ஊர்க் கச்சேரி என்று ஒவ்வொன்றாகத் தட்டுவாள்.

“பாத்து அழிங்க ஆன்ட்டி. இங்க அழிச்சு குப்பையையும் காலி பண்ணிட்டா அப்புறம் எங்கயும் கிடைக்காது” என்று பிரேம் முதல் நாளே சொல்லியிருந்தான். முடிச்சூர் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது ஒரிஜினல் கேசட்டெல்லாம் சேறாகிவிட்டன. கடையில் விற்ற பிரதி ஒன்றுகூடத் தேடியும் கிடைக்கவில்லை. மிஞ்சியது இந்த டிஸ்க் ஒன்றுதான்.

மூன்றாவது வாரம் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். அதில் மட்டும் பெயர்கள் ஒழுங்காக இருந்தன. கோபுவே தட்டியிருக்க வேண்டும். பதினோரு கேசட், தொண்ணூறு அம்மன் பாட்டு. பாடியவர்: ரேணுகாம்பாள். கோபுவின் மனைவி.

ஜெயசீலி முதல் பாட்டைப் போட்டாள். ஹெட்போனுக்குள் முப்பது வயது ஜெயசீலி பாடினாள்.

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. ரேணுகாம்பாளுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. நான்கு பாட்டோடு தொண்டை கட்டிக்கொண்டது. கோபு இவளை மைக் முன்னால் நிறுத்தினார். “அம்மன் பாட்டுக்கு ஜெயசீலின்னு பேர் போட்டா ஆடி மாசத்துல ஒரு கடைக்காரன் கையால தொடமாட்டான்மா. உங்க சர்ச்சுலயும் உனக்குப் பேஜார். ரேணு பேரே இருக்கட்டும். நமக்குள்ள தெரியாதா, யார் பாடினதுன்னு?” அப்பா சர்ச் கமிட்டியில் இருந்தார். அவளுக்கும் அது நல்லதாகவே பட்டது. அடுத்து வந்த கேசட்டுகளுக்கும் அதே ஏற்பாடுதான். பதினோரு கேசட்டின் அட்டையிலும் ரேணுகாம்பாள் பட்டுப்புடவையில் சிரித்தாள்.

“பிரேம், இதுல பேரு தப்பா இருக்கு. நாலு பாட்டு தவிர எல்லாம் நான் பாடினது” என்றாள்.

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். “அம்மாவையே கேட்டுடலாம்” என்றான். பாட்டை ஸ்பீக்கரில் விட்டான்.

காபி கொண்டுவந்த ரேணுகாம்பாள் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டாள். பாட்டு உச்சிக்குப் போனபோது அவள் தொண்டையும் கூடவே அசைந்தது.

“பாத்தியா ஜெயா, அப்ப என் குரல் எப்படி இருந்துச்சுன்னு. இப்ப அந்த இடத்துக்குப் போக முடியுமா என்னால?”

“அக்கா, அது நான் பாடினது.”

ரேணுகாம்பாள் கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தில் கோபமோ திருட்டுத்தனமோ இருக்கும் என்று ஜெயசீலி தேடினாள். இரக்கம்தான் இருந்தது.

“நீ கோரஸ் பாடின. ஏன், நல்லாத்தான் பாடின. யாரு இல்லன்னது? காபி ஆறுது பாரு.”

அவள் உள்ளே போனதும் பிரேம் குரலைத் தாழ்த்தினான். “கோரஸ்னு உங்க பேரையும் சேர்த்துடலாம் ஆன்ட்டி. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, விடுங்க.”

ஜெயசீலி காபியைக் குடித்து முடித்தாள். பொய் சொல்கிறவளோடு சண்டை போடலாம். பொய்யையே சோறாகத் தின்று முப்பது வருஷம் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டவளை என்ன செய்வது?

அடுத்த பத்து நாளும் அவள் ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்தாள். பம்மல் கோயில் திருவிழாவில் பேஸ் கிதார் வாசித்தவன் பெயரைக்கூட நினைவுபடுத்தித் தட்டினாள். கடைசி நாள் பிரேம் பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். அவள் அந்த ஃபோல்டரைத் திறந்து, ரேணுகாம்பாள் நிஜமாகப் பாடிய நான்கை விட்டுவிட்டு, எண்பத்தாறையும் தேர்ந்தெடுத்தாள். ஒன்றை மட்டும் போனில் எடுத்துக்கொள்ளலாமா என்று கை நின்றது. எடுத்து யாருக்குப் போட்டுக்காட்டுவது? தன் குரலைத் தானே திருடிவைத்த மாதிரி இருக்கும். அழித்தாள். குப்பையையும் காலி செய்தாள். பிறகு ‘சிங்க்’ பட்டனை அழுத்தினாள். டிஸ்க்கில் மிஞ்சியது மட்டும் கிளவுடிலும் நின்றது.

நான்கு நாள் கழித்துப் பிரேம் கூப்பிட்டான். “ஆன்ட்டி, அம்மாவோட கேசட்ல நாலு பாட்டுதான் இருக்கு. மத்தது எங்க?”

“உங்கம்மா பாடினது எல்லாம் இருக்கு பிரேம். நான் நல்லாப் பாத்துட்டேன்.”

பிரேம் போனை வைத்துவிட்டான்.

விழா கேம்ப் ரோடு மண்டபத்தில் நடந்தது. ஜெயசீலி வராமல் இருந்திருக்கலாம். மகள் கிறிஸ்டினா பிடிவாதம் பிடித்து அழைத்துவந்தாள். ரேணுகாம்பாள் சால்வையோடு மைக்கைப் பிடித்தாள். “நான் பாடினது தொண்ணூறு பாட்டு. வெள்ளம் எடுத்துட்டுப் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல நாலுதான் மிஞ்சிச்சு” என்றபோது குரல் உடைந்தது. மண்டபம் முழுக்க உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்ட, எல்லாரும் எழுந்தார்கள். கிறிஸ்டினாவும் எழுந்தாள். ஜெயசீலியும் எழுந்து கைதட்ட வேண்டியிருந்தது. அழித்தது இவள். இழந்தவள் மட்டும் அவள்.

சாப்பாட்டுப் பந்தியில் பழைய தபலாக்காரர் சவுரிமுத்து எதிரில் வந்து உட்கார்ந்தார். சாம்பாரைப் பிசைந்துகொண்டே கிறிஸ்டினாவைப் பார்த்தார்.

“நீதான் ஜெயா பொண்ணா? அந்தம்மா இன்னாத்துக்கு அழுவுது? கேசட்ல பாடினது பூரா உங்கம்மா. நான்தான் பக்கத்துல குந்திகினு வாசிச்சேன். நமக்குள்ள எல்லாருக்கும் தெரியுமே.”

கிறிஸ்டினா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். “நிஜமாவா? நீ ஏன்மா சொல்லவே இல்ல? எனக்கு ஒண்ணாவது கேக்கணும். எங்க கிடைக்கும்?”

ஜெயசீலி இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினாள்.

“எங்கயும் கிடைக்காது” என்றாள்.