பத்தொன்பது பேர்

மூலையில் இருந்த பிரிண்டர் திடீரென்று கடகடவென ஓடத் தொடங்கியது.

மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்த அறை அது. இருபது கணினிகள், இருபது கல்லூரிப் பிள்ளைகள். மௌஸ் கிளிக் தவிர வேறு ஓசையில்லை. அந்த அமைதியில் பிரிண்டர் போட்ட சத்தத்துக்குப் பின்வரிசைப் பெண் ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாரு பிரிண்ட் குடுத்தது?" என்றாள் கீதாஞ்சலி.

"நான் ஒண்ணும் தொடல மேடம். அதுவா ஓடுது" என்றான் புகழேந்தி.

"நீ பக்கத்துல போனாலே ஓடும்டா. பயத்துல" என்றது பின்வரிசை. சிரிப்பு எழுந்து அடங்கியது.

கீதாஞ்சலிக்குப் புரிந்துவிட்டது. மெயில் மெர்ஜ் பயிற்சி. ஒரே கடிதம், பெயர்ப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனியாக வரவேண்டும். திரையில் மட்டும் காட்டச் சொன்னால் போதும். புகழேந்தி அவசரத்தில் அச்சிடச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை நிஜத் தேர்வில் இதைச் செய்தால் மதிப்பெண் போகும்.

"தேர்வு நேரம் ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாரும் அவங்கவங்க ஸ்கிரீனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தட்டில் விழுந்த தாள்களை எடுத்தாள். பத்தொன்பது தாள்கள்.

கிழிக்கத்தான் எடுத்தாள். முதல் வரி கண்ணில் பட்டது.

'பொது அதிகாரப் பத்திரம். நான் என் சுய நினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்...'

கிழிக்கப்போன கை நின்றது.

வில்லியனூர் கடைத்தெருவில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். பாத்திரக் கடையும் மையமும் நரேஷுடையவை. கலைக் கல்லூரி மாணவர்கள் அறுபது பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, வேர்டு, எக்செல் சான்றிதழ் தேர்வுக்குத் தயார் செய்வது கீதாஞ்சலியின் வேலை. சான்றிதழ் இருந்தால் திருபுவனை கம்பெனிகளில் ஆபீஸ் வேலைக்கு வாய்ப்பு என்று பிள்ளைகள் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

தேர்வு நடத்துபவர்கள் தரும் பயிற்சிக் கோப்புகளில் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். ஊர் பேர் தெரியாத நகரங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தே மிரண்டார்கள். இரண்டாம் வாரம் நரேஷ் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம ஊரு பேரா இருந்தா பசங்களுக்கு ஈசியா இருக்கும் மேடம்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பில்தான் ஐந்து வாரமாகப் பாடம். பயிற்சிக் கேள்விகளையும் நரேஷே அனுப்பிவிடுவார். முதலில் முந்நூறு வரிகள் இருந்தன. இரட்டித்த பெயர்களை நீக்கு என்பது முதல் பயிற்சி. நீக்கியதும் இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த வாரம், அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பிரித்தெடு. அதற்கடுத்த வாரம், படிப்பு இல்லாதவர்களுக்கு மஞ்சள் நிறம் போடு. போன வாரம், வீட்டில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரே சூத்திரத்தில் எண்ணு.

"பத்தொன்பது மேடம்" என்று அன்று வகுப்பே போட்டி போட்டுக் கத்தியது. முதலில் சொன்னவனுக்கு அவள் சாக்லேட் கொடுத்தாள்.

இப்போது அந்தப் பத்தொன்பது பேரும் அவள் கையில் இருந்தார்கள்.

ஒவ்வொரு தாளிலும் பெயர், ஊர், நிலத்தின் அளவு. அதன் கீழே கதாஸ்தர் எண். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலத்துக்குக் கொடுத்த அந்த எண் புதுச்சேரிப் பத்திரங்களில்தான் இன்றும் இருக்கிறது. பாடத்துக்காகப் பொய்ப் பட்டியல் தயாரிக்கும் எவனும் அதை மெனக்கெட்டுச் சேர்க்க மாட்டான்.

வராந்தாவுக்கு வந்து நரேஷை அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"சார், இன்னிக்கு அனுப்புன லெட்டர் இருக்குல்ல, அது நிலத்தை விக்க எழுதிக் குடுக்குற பவர் பத்திரம் மாதிரி இருக்கு. இந்தப் பேரெல்லாம் நிஜமா?"

மறுமுனையில் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. யாரிடமோ குக்கர் விலை சொல்லிவிட்டுத்தான் நரேஷ் பதில் சொன்னார்.

"மாதிரிதான் மேடம். நீங்க எக்ஸாமைப் பாருங்க. சனிக்கிழமை அறுபது பேரும் பாஸாவணும்."

"கதாஸ்தர் நெம்பர் எல்லாம் இருக்குது சார்."

"பிரிண்ட் எடுத்தீங்களா?"

அவள் தாள்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எடுத்திருந்தா கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார் நரேஷ். குரல் ஏறவில்லை. "பசங்க அட்ரஸ், அப்பா போன் நெம்பரு எல்லாமே நம்மகிட்ட இருக்குது. உங்களுதும் இருக்குது. ஒருத்தருக்கு ஒருத்தர் நம்பிக்கையில ஓடுற தொழிலு மேடம் இது."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் திரும்பினாள். கதவருகே ஆரோக்கியசெல்வி நின்றிருந்தாள். முதல் வரிசைப் பெண். எந்தத் தேர்விலும் தொண்ணூறுக்குக் கீழே எடுக்காதவள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் என் சிஸ்டத்துக்கு வாங்க."

திரையில் பட்டியலின் பதினோராவது வரியை நிறமிட்டு வைத்திருந்தாள்.

அமிர்தம். வயது 67. கரிக்கலாம்பாக்கம். படிப்பு இல்லை. தனியாக இருக்கிறார். நிலம் முப்பது குழி.

"இது எங்க அத்தை மேடம். அப்பா கூடப் பொறந்தவங்க."

"இத்தனை நாள் நீ பாக்கலியா?"

"மொத தடவை முந்நூறு பேர்ல கண்ணுல படல மேடம். அதுக்கப்புறம் பேரு இருக்குற கட்டத்தை மறைச்சு வெச்சுட்டாங்க. வெறும் வரிசை எண்தான் தெரியும். இன்னிக்கு லெட்டர்ல பேரு வரணும்ல, அதான் தொறந்திருக்குது. ஓரத்துல இருக்குற கட்டத்தைப் பாருங்க."

குறிப்பு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வாக்கியங்கள் இருந்தன.

'இரண்டு கண்ணிலும் புரை, பொங்கல் கழித்து ஆபரேஷன். அதற்கு முன் முடிக்கவும்.'

அதற்கும் அடுத்த கட்டத்தில் 'நிலை' என்று ஒரு தலைப்பு. சிலருக்கு 'பேசணும்'. சிலருக்கு 'முடிந்தது'. காட்டேரிக்குப்பத்துக்காரர் ஒருவருக்கு 'ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காத்திரு'. அமிர்தத்துக்கு ஒரு தேதி போட்டிருந்தது.

பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தத் தேதி இன்றைய தேதி.

"அத்தைக்கு போன் போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை.

"வெளிய போனா போனை வூட்லயே வெச்சுட்டுப் போவும் மேடம்" என்றாள் செல்வி. "வெளியவே போவாது. கண்ணு தெரியாம எங்க போவும்?"

கீதாஞ்சலி கைப்பையை எடுத்தாள். தாள்களை மடித்து உள்ளே வைத்தாள். "புகழேந்தி, டைம் முடிஞ்சா எல்லாரையும் சேவ் பண்ணிட்டுக் கிளம்பச் சொல்லு."

"நானா மேடம்?"

"நீதான். எதையும் பிரிண்ட் எடுக்காத."

ஸ்கூட்டி பாகூர் சாலையில் பறந்தது. நடுப்பகல் வெயில். வழியெங்கும் புதிய மனைப்பிரிவுகளின் வளைவுகள். நெல் இருந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். கற்களுக்கு நடுவே இன்னும் காயாத சேற்றில் கொக்குகள் நின்றன.

"அத்தை நிலம் எங்க இருக்குது?" என்று காற்றை மீறிக் கேட்டாள் கீதாஞ்சலி.

"ரோட்டை ஒட்டி மேடம். பின்னாடி பத்துக் காணி பிளாட் போட்டிருக்காங்க. ரோட்டுலேர்ந்து உள்ள போறதுக்கு வழி அத்தை நிலத்துலதான். மூணு தடவை வந்து கேட்டாங்க. அத்தை தர மாட்டேன்னுடுச்சு."

"ஏன்?"

"அதை வுட்டா அதுக்கு இன்னா இருக்குது மேடம்? மாமா செத்ததுலேர்ந்து அதுல கீரை போட்டு வித்துதான் சாப்புடுது. எங்கப்பா சோறு போடுறேன்னாலும் வராது. 'நான் உக்காந்து துன்ன மாட்டேன்டா'ன்னு சொல்லிடும்."

கீதாஞ்சலியின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் வண்டியை நிறுத்தவில்லை.

"செல்வி, நேர்ல கேட்டப்பவே தராதவங்க இப்ப மட்டும் எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அத்தைக்குக் கண் புரை, பொங்கல் கழிச்சு ஆபரேஷன். இதெல்லாம் எந்த ஆபீஸ்லயும் இருக்காது. கூடவே பழகுற யாரோதான் சொல்லியிருக்கணும். யாருன்னு தெரியுதா?"

செல்வியின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது. அவ்வளவுதான்.

கரிக்கலாம்பாக்கம் திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார் எதிரே வந்து, இவர்களைத் தாண்டும்போது வேகம் குறைத்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. தாண்டியதும் மறுபடி வேகம் எடுத்தது. கைப்பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த போன் அத்துடன் ஓய்ந்தது.

அமிர்தத்தின் வீடு திறந்திருந்தது. கீதாஞ்சலிக்கு மூச்சு வந்தது. அமிர்தம் வாசல் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

"யாரு?"

"நான்தான் அத்தை. செல்வி."

"இன்னாடி, இந்த நேரத்துல? கிளாஸுக்கு மட்டம் போட்டியா?"

"எங்க அத்தை போயிருந்த? போன் அடிச்சா எடுக்கல."

"ஊர்கோலம் போயிட்டு வந்தேன்டி. கார்ல" என்று சிரித்தாள் அமிர்தம். "ஏசி போட்ட காரு. குளுரு தாங்கல. கூட யாருடி?"

"எங்க மேடம் அத்தை. கம்ப்யூட்டர் கிளாஸ் மேடம்."

அமிர்தம் சட்டென்று நாற்காலியில் இருந்து எழப் பார்த்தாள். "வாம்மா, வாம்மா. உன் ஆளுங்கதாம்மா வந்து இட்டுனு போனாங்க. புண்ணியமாப் போவட்டும்."

கீதாஞ்சலி அசையவில்லை. "என் ஆளுங்களா?"

"செல்வி படிக்கிற எடத்துலேர்ந்து வர்றோம்னு சொன்னாங்க. பிள்ளைங்க வூட்டுல பெரியவங்களுக்குக் கண்ணு ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை போட்டுத் தர்றாங்களாம். ஆபீஸ்ல போட்டோ புடிச்சாங்க. மெஷின்ல வெரலை வெக்கச் சொன்னாங்க. அங்க இருந்த ஆபீசர் 'சம்மதமாம்மா'ன்னு கேட்டாரு. அட்டைக்குச் சம்மதம் இல்லாம இருக்குமா? சம்மதம்னேன்."

"பேப்பர் ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்றாள் செல்வி.

அமிர்தம் மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். பத்திரமாக இரு கையாலும் நீட்டினாள். கீதாஞ்சலி பிரித்தாள். நகல்தான். பொது அதிகாரப் பத்திரம். முப்பது குழி. பக்கத்துக்குப் பக்கம் பதிவு முத்திரை. மூலையில் புதுச்சேலையில் அமிர்தத்தின் படம், கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாமல் வேறெங்கோ பார்த்தபடி. அதிகாரம் பெறுபவர் பெயரும் படமும் அதற்குக் கீழே. பாத்திரக் கடை கல்லாவில் அவள் தினமும் பார்க்கும் முகம்.

எதிரே, சாலையோரத்து நிலத்தில் மூன்று பேர் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கீரைப் பாத்திகளின் மேலேயே நடந்தார்கள்.

"அட்டைதானேம்மா அது?" என்றாள் அமிர்தம்.

கீதாஞ்சலி நகலை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"நல்ல பசங்கம்மா" என்று அமிர்தம் தொடர்ந்தாள். "என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. காலைல கஞ்சி மட்டுந்தான் குடிப்பேன், மாத்திரை முழுங்க மாட்டேன், புருஷன் இல்லாதவ, செல்வி பேரைச் சொன்னா கேட்டுக்குவேன்னு எல்லாம் சொல்லிச் சிரிச்சானுங்க. கூடப் பொறந்தவனுக்குக்கூட அத்தனை தெரியாது."

கீதாஞ்சலி செல்வியைத் தனியாக மரத்துக்கு அப்பால் அழைத்துப் போனாள். பெண்ணின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"போலீஸுக்குப் போலாம். இந்தத் தாளெல்லாம் என்கிட்ட இருக்குது. இன்னும் மிச்சம் இருக்குறவங்களையாவது காப்பாத்தணும். ஆனா போன உடனே அவங்க கேக்கப்போற மொதக் கேள்வி இதுதான். இவ்வளவும் நரேஷுக்கு யாரு சொன்னது? நீ வழியிலயே எதையோ மறைச்ச. யாரா இருந்தாலும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

செல்வி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"முதல் வாரம் டேபிள் போட்டுப் பழகச் சொல்லி, ஆளுக்கு அஞ்சு வூட்டைப் பத்தி ஒண்ணு விடாம எழுதி நம்ம சிஸ்டத்துல சேவ் பண்ணச் சொன்னீங்கல்ல மேடம், அத்தையைப் பத்தி நான்தான் எழுதுனேன்... நீங்க பத்துக்குப் பத்து போட்டீங்க."