நதியா போன திருவிழா

எண்ணெய்க் கறை பட்ட ஒரு பனியனில் ராக்கம்மாள் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. செக்கிங் டேபிளில் நிற்கும்போது போனை எடுக்கக் கூடாது. சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பர். முழுக்க இங்கிலீஷில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வீடியோவும் ஒரு குரல் பதிவும் இருந்தன. குரல் பதிவைத் தொட்டதும் ஒரு பெண் சிரமப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக வைத்துவைத்துப் பேசினாள். "அம்மா. சாப்ட்டாச்சா?"

தமிழ் தெரியாத நாக்கு அது. ஆனால் அந்த இழுவை ராக்கம்மாளுக்குத் தெரியும். மஸ்கட்டிலிருந்து மகள் நதியா கூப்பிடும் போதெல்லாம் முதல் வார்த்தையை அப்படித்தான் இழுப்பாள். நதியா செத்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நர்ஸுகளை ஏற்றிப்போன வேன் கவிழ்ந்து மூன்று பேர் போனார்கள். அதில் இவள் ஒருத்தி.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மாடி ஆபீசுக்கு ஏறினாள். அங்கே மெர்ச்சண்டைசராக இருக்கும் இந்துமதி, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாள் முழுக்க மெயில் எழுதுகிற பெண். கம்பெனியில் யாரிடமும் முகம் சுளிக்காதவள்.

"ஏனுங்க்கா, இன்னும் சாப்பிடலீங்களா?"

"இங்கிலீசுல என்னமோ வந்துருக்கு தாயி. படிச்சுச் சொல்றியா?"

இந்துமதி முதல் வரியைப் படித்ததும் எழுந்து நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க்கா. மேரிசெல்னு ஒருத்தருங்க. நம்ம நதியாவோட ரூம்ல நாலு வருசம் இருந்தவங்களாமா. பிலிப்பைன்சு. போன் தொலஞ்சு போயி இப்பத்தான் உங்க நம்பர் கெடச்சுதாமுங்க."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். மேரிசெல்லின் ஊர் பெயர் லுக்பன். மலையடிவாரத்துச் சின்ன ஊர். வருசத்துக்கு ஒரு நாள், விளைச்சல் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில், உழவர்களின் புனிதருக்குத் திருவிழா எடுப்பார்கள். ஊர்வலம் வருசத்துக்கு ஒரு தெரு வழியாகப் போகும். போன வருசம் மேரிசெல் வீட்டுத் தெரு வழியாக வந்தது. அந்தத் திருவிழாவுக்கு நதியா அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். இந்த வருசம் ஊர்வலம் வேறு தெரு. ஆனாலும் மேரிசெல்லின் அம்மா தங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் அலங்கரிக்க வேண்டும் என்கிறார். நடுவில் நதியாவின் போட்டோவை வைக்க ஆசைப்படுகிறார். வைக்கலாமா? நீங்கள் சம்மதித்தால்தான்.

"என்னைக்குத் திருவிழான்னு போட்டுருக்கா?"

"மே பதினஞ்சுங்க்கா."

ராக்கம்மாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. போன வருசம் மே பதினைந்து, வைகாசி இரண்டாம் தேதி, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், மகன் அருண்பாண்டிக்குக் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று நதியா கல்யாணத்துக்கு வரவில்லை. ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நதியாவின் அப்பன் மூக்கையாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீடியோவை இந்துமதிதான் ஓட்டினாள். ஒரு தெரு. வீடுகளின் சுவரே தெரியவில்லை. கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், முற்றிய நெற்கதிர்க் கட்டுகள், ஓலைத் தொப்பிகள், எல்லாம் ஜன்னலிலிருந்து தரைவரை அடுக்கடுக்காகக் கட்டித் தொங்கின. அவற்றுக்கு மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று இலை இலையாக மெல்லிய தகடுகள், கோயில் வாசலில் தொங்குகிற சரவிளக்கு மாதிரி கொத்துக் கொத்தாக ஆடின. வெயில் அவற்றுக்குள் புகுந்து வெளியே வந்தது. பிறகு அந்தத் தகடுகளைச் செய்யும் அடுப்படி. வயதான ஒரு பெண், மேரிசெல்லின் அம்மாவாம், அரிசி மாவைக் கலர் கலந்து இலைமேல் ஊற்றி ஆவியில் வேகவைக்க, பக்கத்தில் உட்கார்ந்து வெந்ததை இலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தவள் நதியா. கிழியாமல், நுனியில் பிடித்து, ஒரே இழுப்பில். நம் இலை வடகம் உரிக்கிற கை. யாரோ கேட்டதற்கு அவள் இங்கிலீஷில் பதில் சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொல்லுது?"

இந்துமதி கொஞ்சம் தயங்கினாள். "எங்க அம்மா இதைய விட மெல்லிசா ஊத்துவாங்கன்னு சொல்றாங்க்கா."

அடுத்த காட்சியில் நதியா தெருவில் நின்று, வாழையிலைத் துண்டில் வைத்த நூடுல்ஸைக் கை படாமல் வாயாலேயே அள்ளித் தின்றாள். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் தின்றார்கள். மூக்கில் எண்ணெய். வாய்விட்டுச் சிரிப்பு. பின்னால் மாட்டு வண்டியும் பேண்டு வாத்தியமுமாக ஊர்வலம் வந்தது. அவள் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை.

"எவ்வளவு சந்தோசமா இருக்காங்க பாருங்க்கா," என்ற இந்துமதி, ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தினாள்.

அருண்பாண்டிக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று பெண்வீட்டு அத்தை ஒருத்தி, வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாத்தனா முடிச்ச யாரு போடுவா?" தாலியில் மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போடுவதில்லை. மூன்றாவது அவன் உடன்பிறந்தவள் போட வேண்டியது. நதியா வாழப்போன இடத்திலிருந்து ஏழாம் மாதம் திரும்பி வந்து, கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு, நர்ஸ் படிப்பை நம்பி மஸ்கட் போனவள். அத்தை வேறெதுவும் கேட்கவில்லை. ராக்கம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மொட்டை மாடிக்குப் போய் மகளைக் கூப்பிட்டாள்.

"லீவு கெடைக்கலன்னு சொல்லிரு தாயி. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாக. உனக்குத்தான் மனசு நோகும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"சரிம்மா. முடிச்ச யாரு போடுறா?"

"சித்தி மக கஸ்தூரி."

"நல்லா இறுக்கிப் போடச் சொல்லு," என்று நதியா சிரித்தாள்.

இத்தனை நாளும் ராக்கம்மாள் மனதில் ஒரு படம் இருந்தது. கல்யாணத்தன்று மகள் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஊசி போட்டுவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதிருப்பாள். அந்தப் படத்தோடுதான் எட்டு மாதமாகப் படுத்து எழுந்தாள். இப்போது அது இல்லை. ஆனால் நிம்மதியும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு தாய் தன் அடுப்படியில் மணை போட்டு அவளை உட்கார வைத்திருக்கிறாள். எடுத்திருந்த லீவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் பிள்ளை கடலைத் தாண்டிப் போயிருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, எங்க அம்மா மெல்லிசா ஊத்துவாங்க என்று சொல்லியிருக்கிறது.

மூன்று நாள் பதில் போடவில்லை. மூக்கையா ஒரு கம்பெனியில் அயன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிப் பெட்டியோடு நின்று வந்து, நல்லூர் லைன் வீட்டில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். "நாலு நாள் லீவு குடுத்திருந்தான்னா எம்புள்ள மொகத்த ஒருக்கா பாத்துருப்பேன். அந்த ஆஸ்பத்திரிக்காரன் வெளங்குவானா?" ராக்கம்மாள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள்.

வீடியோவில் நதியா கட்டியிருந்த சேலையை எடுத்தவர் அவர்தான். குமரன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, முடிச்சுப் போடுகிற பிள்ளை மேடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எடுத்தார். கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே அயன் போட்டு மடித்து, மஸ்கட் போன நல்லூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அவள் அதைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறி வருவாள் என்று நினைத்திருந்தார். லீவு இல்லை என்று ராக்கம்மாள் அவரிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். ஆகவே, மகளின் சிரிப்பை அவருக்குக் காட்ட வேண்டுமென்றால் அந்தச் சேலையையும் காட்டியாக வேண்டும். காட்டாமல் இருந்துவிடலாம். ஆனால் அந்தச் சிரிப்பைத் தான் மட்டும் பார்த்து வைத்துக்கொள்வது, செத்தவளிடமிருந்து இன்னொன்றையும் பறிப்பது போல அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டினாள்.

"இங்கேருங்க. நதியா."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். வடகம் உரிக்கிற இடத்தில், "நம்ம புள்ளயா இது!" என்றார். வாழையிலை வந்ததும் சிரித்தேவிட்டார். "பாரு, பாரு, கைய வைக்காம திங்குது கழுத." எட்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "சேலய உடுத்திருக்கா பாரு ராக்கு! நாஞ் சொன்னேன்ல, அந்தக் கலரு அவளுக்கு எடுப்பா இருக்கும்னு."

"ஆமா."

"எந்த ஊரு இது? அந்தச் சேல கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடிதான அவ கைக்குப் போச்சு? எப்ப எடுத்தது?"

ராக்கம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்கு."

"லீவு கெடைக்கலன்னுல்ல..."

"கெடச்சிருச்சு. நாந்தான் வர வேணாம்னு சொன்னேன்."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெற்றிலை மடித்த அத்தை, மொட்டை மாடி, கஸ்தூரி, இறுக்கிப் போடச் சொல் என்றது. வீடியோ தன்னால் மறுபடி ஓடத் தொடங்கி, பேண்டு வாத்தியச் சத்தம் அந்தச் சின்ன அறையில் நிறைந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"எவன் எவனையோ வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்," என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவ எங்கிட்ட எத்தன தடவ பேசுனா அதுக்கப்புறம். ஒரு வார்த்த உன்னய விட்டுக் குடுக்கலயே," என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், துவைத்ததை உடுத்தினார். திங்கட்கிழமை ராக்கம்மாள் மாடியேறி, போட்டோ வைக்கச் சொல்லிப் பதில் அனுப்பச் சொன்னாள். "உங்க ஊட்டுல கேட்டுட்டீங்களாங்க்கா?" என்று இந்துமதி கேட்டதற்கு, "சொல்லிட்டேன் தாயி," என்றாள்.

பதினைந்தாம் தேதி மதியம் மூக்கையா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். ராக்கம்மாளும் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. போன் அடித்ததும் இருவரும் அதைப் பார்த்தார்கள். எடுத்தது அவர்.

திரையில் வட்ட முகத்துப் பெண்ணொருத்தி, திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த மேரிசெல், கண் கலங்கக் கையாட்டினாள். "அப்பா. சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டேன்த்தா. நீ சாப்ட்டியா?" என்றார் மூக்கையா. அவளுக்குப் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைச் சுவர். நீல ஜன்னல். சுற்றிலும் நெற்கதிரும் காய்களும். வடக இலைகள் கொத்துக் கொத்தாக. நடுவில் சட்டம் போட்ட நதியா, மாம்பழ மஞ்சள் சேலையில். தெருவில் வேறு எந்த வீட்டிலும் அலங்காரம் இல்லை. எங்கோ தொலைவில் பேண்டு வாத்தியம் கேட்டது.

ராக்கம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. போனைப் பிடித்திருந்த கை மட்டும், அவளுக்கும் தெரிகிற மாதிரி, கொஞ்சம் மேலே ஏறியது. வாசல் வெயில் கண்ணாடியில் அடித்ததாலும் இருக்கலாம்.

அப்போது அந்த ஊரில் மழை பிடித்துக்கொண்டது. திடீரென்று, கொட்டுகிற மழை. யாரோ கத்தினார்கள், யாரோ ஓடினார்கள். திரையில் காட்சி ஆடி ஆடி நிலைத்தது. அரிசித் தகடுகள் ஒவ்வொன்றாக நனைந்து தொய்ந்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் வெள்ளைச் சுவரில் கோடு கோடாக வழிந்து இறங்கின. மேரிசெல்லின் வயதான அம்மா தலையில் ஒன்றும் போடாமல் வெளியே வந்தாள். நெல்லையும் காய்களையும் அவள் தொடவில்லை. எட்டி, போட்டோவை மட்டும் கொக்கியிலிருந்து எடுத்து, தன் கவுனின் முன்பக்கத்தைத் தூக்கி, நெற்றியிலிருந்து கீழாக, குளிப்பாட்டின பிள்ளைக்குத் துவட்டுவது போல மெதுவாகத் துடைத்தாள்.