பாப்பம்

சோபிகாவுக்கு அந்த வகுப்பில் இடம் கிடைக்கக் கூடாது என்று முருகனிடம் கேட்டேன். கேட்டதோடு விடாமல் அர்ச்சனையும் செய்தேன், என் பெயரில்தான். அவள் பெயருக்குக் கெடுதல் அர்ச்சனை என்று ஐயரிடம் சொல்ல முடியாதே.

வகுப்பு இதுதான். ஏதாவதொரு பட்டம் முடித்தவர்களை ஓராண்டு ஒஸ்லோவில் வைத்து இரசாயனமும் பௌதிகமும் படிப்பிப்பார்கள். தேறினால் நேரே போலந்தில் மருத்துவம். பள்ளிக்கூடப் புள்ளிகள் போதாமல் இங்கே மருத்துவ பீடத்துக்குள் நுழைய முடியாமல் போன என்னைப் போன்றவர்களுக்கு அது கடைசிக் கதவு. நேர்முகத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஒரு மனிதரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் புற்றுநோய் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். கூடவே அந்த நோயில் நூற்றுக்கு எத்தனை பேர் தப்புவார்கள் என்றும் சொன்னேன். உயிரியல் படித்தவள் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை.

என்னைக் காத்திருப்போரில் முதல் ஆளாகப் போட்டார்கள். இனி நேர்முகத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தேறிவிட்டால் எனக்கு இடமில்லை. ஒருவர் தவறினால் அந்த இடம் எனக்கு. மிச்சம் இருந்தவர்களில் சோபிகாவும் ஒருத்தி.

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் அவள் வீடு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இருந்தே தெரியும். பேச்சுப் போட்டிக்கு நான் விழுந்து விழுந்து பாடமாக்கி இரண்டாம் பரிசு வாங்குவேன். அவள் பாதியில் மறந்து, சிரித்து, முதற்பரிசு வாங்குவாள். படித்தது நொர்வேஜிய இலக்கியம். போன வருடம்தான் டொக்டராகும் ஆசை வந்ததாம். எனக்குப் பல் விழுந்து முளைத்த வயதிலேயே வந்த ஆசை அது. வயிறு எரிந்தது. பொறாமைக்கு வேறு ஏதாவது மரியாதையான பெயர் வைக்கலாமா என்று பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

அவள் என்னிடமே வந்தாள்.

"யதுர்ஷா, நீ முதல்ல போனனிதானே. எனக்கு ஒருக்கா நோயாளியா நடிச்சுக் காட்டன். பயமாக் கிடக்கு."

"ஓம், வா," என்றேன். அவளைக் குழப்ப இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது.

முதலில் தமிழில் செய்வோம், பிறகு நொர்வேஜிய மொழியில் என்று முடிவாயிற்று. எங்கள் குசினி மேசையில் நான் வயதான ஐயாவாக உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே தொடங்கினாள்.

"ஐயா, ரிப்போட் வந்திருக்கு. ஒண்டும் யோசியாதேங்கோ. பாப்பம்."

எங்கள் ஆட்களின் பாப்பம். சம்பந்தம் சரிவராவிட்டால் பாப்பம். கேட்ட உதவி செய்ய மனமில்லாவிட்டால் பாப்பம். அந்தச் சொல்லுக்கு இல்லை என்று அர்த்தம் என்பது நொர்வேயில் பிறந்த எங்களுக்கும் தெரியும்.

"பாப்பம் எண்டா என்ன பிள்ளை? எனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லும்," என்று கத்தினேன்.

அவள் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளூரச் சந்தோசம். அந்தக் கிழமை முழுக்க அவளைப் படாதபாடு படுத்தினேன். அழுதேன், மேசையில் அடித்தேன், பேசாமல் சுவரைப் பார்த்தேன். "நீர் சின்னப் பிள்ளை, பெரிய டொக்டரைக் கூப்பிடும்," என்றேன். அம்மா எட்டிப் பார்த்து, "பாவமடி அந்தப் பிள்ளை," என்றார். சோபிகா அடுத்த நாளும் வந்தாள். ஒருநாள் எனக்கே பொறுமை போய், நடிப்பை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"எடி, முதல்ல கதிரையை இழுத்துக் கிட்ட இரு. விசயத்தை நேரே சொல்லு. சொல்லிப்போட்டு வாயை மூடு. அழுதா அழட்டும்."

ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. பிழையாக ஒன்று நடந்தால் திருத்தாமல் இருக்க முடியாத புத்தி, வேறென்ன.

அவளுடைய நேர்முகம் முடிந்து சில நாட்களில் வேலையால் வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சோபிகா வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதவில் கொழுவினாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட இருந்தாள்.

அடுத்தது என்ன என்று எனக்கல்லவா தெரியும்.

"யதுர்ஷா, எனக்கு இடம் கிடைச்சிட்டுது. அது கடைசி இடமாம். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உனக்கு இனி வராது."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். கவலைப்படாதை, எல்லாம் நல்லதுக்கு, இப்படி ஏதாவது. சொல்லியிருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிப்போனது.

"பெரிய டொக்டரைக் கூப்பிடும்," என்றேன். பகிடியாகத்தான் தொடங்கினேன், குரல் உடைந்துவிட்டது.

"இஞ்சை நான்தான் இருக்கிறன்," என்றாள்.

அழுதேன். அழ விட்டாள். இவள் நல்ல டொக்டராக வருவாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இடம் போனதைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

நான் முகம் துடைத்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"அடுத்த வருசம் திரும்ப விண்ணப்பம் போடுவியா?"

"பாப்பம்," என்றேன்.

அவளுக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். கதிரையை விட்டு அவள் எழும்பவில்லை.