கூறு போட்ட கிழங்கு

புதுவாயலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது குணசுந்தரி அக்கா போன் செய்தார். எங்கள் மலையடி ஊரின் மூலிகைக் காப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

"நைனா, நேத்து குடுத்த கிழங்க ஊட்ல வேக வெச்சிட்டாங்களா?"

"தெரியலக்கா. ஏன்?"

"என் கூறுல ஒரு உடஞ்ச துண்டு. கலப்பைக் கிழங்கு. மத்த பாதி யார் ஊட்டுக்குப் போச்சுன்னு தெரில."

செங்காந்தளின் கிழங்கு அது. மருந்தில் துளி சேர்ப்பார்கள். தின்றால் உயிர் போகும். கல் குவாரியிலிருந்து தப்பவைக்க அந்தச் செடிகளைப் பெயர்த்து, நாங்கள் காவல் காக்கும் சரிவில் மழைக்காலத்தில் நட்டோம். அங்கே தோண்டக் கூடாது. பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை மட்டும் காட்டு வள்ளிக் கிழங்கு எடுக்கலாம். யாரும் கூடுதலாக அள்ளக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, பெரியதை உடைத்து, வீட்டுக்கொரு கூறு போடுவோம். தையில் செங்காந்தள் கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும்; தோண்டும்போது எது எந்தக் கிழங்கென்று தெரியாது. உடைத்தபின் கலப்பை வடிவமும் இருக்காது.

சுகிர்தாவை அழைத்தேன். என் மனைவியின் தங்கை. மனைவி இறந்த பிறகு மகள் ஸ்நேகாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"இன்னா மாமா, போன்லயே கொயந்தய வளக்கிறியா?"

"பாப்பா கிழங்கு துன்னாளா?"

"இப்பதான் துன்னா. நானும் துன்னேன். உனுக்கு வெக்கலன்னு கோவமா?"

விஷயத்தைச் சொல்லி, பாப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் வயிற்றைக் கழுவியிருந்தார்கள். விஷம் இருந்தால் தெரிய நேரமாகும், காத்திருங்கள் என்றார் டாக்டர். ஸ்நேகா தண்ணீர் குடித்தாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் குணசுந்தரி அக்கா ஒரு பையோடு வந்தார். மற்ற வீடுகளில் வேகாமல் மிஞ்சிய துண்டுகள். வராண்டாவில் கொட்டி, தன் கூறில் வந்த துண்டின் உடைந்த முனையோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

"வேற யாரும் வேக வெக்கலியாக்கா?"

"நம்ம குழு எட்வர்ட் ஊட்ல மட்டும் வெச்சாங்க. எல்லாம் வள்ளிதான்னு சத்தியம் பண்றான்."

சுகிர்தா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு துண்டு கசக்குதுன்னு பாப்பா துப்பிட்டா. வேஸ்ட்டாவுதேன்னு அத நான் துன்னேன்."

அவள் நெற்றி வியர்த்திருந்தது.

"பயத்துலதான் மாமா," என்று எழுந்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரைக் கூப்பிட ஓடினேன். பின்னால் ஸ்நேகா, "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.