வேம்புவுக்கு யார் சொல்வது

எத்திராஜ் இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா பொன்னியம்மா பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கால் கட்டைவிரல்களைச் சுற்றிக் கட்டினாள். முதல் முடிச்சு நழுவிவிட்டது. மனைவி நாகவல்லியின் விரல்கள் அவ்வளவு மெலிந்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் அமுக்கிப் புடிடா."

பிடித்தான். மூன்று மாதமாக இந்தக் கால்களை அமுக்கிவிட்டவன். வலிக்குமோ என்று பயப்படாமல் தொடுவது இன்றுதான்.

"வேம்புவ இஸ்கோல்ல இருந்து இட்டாரணும்க்கா."

"இங்க வாணாம். நேரா எங்க ஊட்டுக்கு அனுப்பிடு. உங்க மாமா ஏரிக்கரைல வண்டியோட நிக்கறாரு. அங்க எம் பொண்ணுங்களோட இருக்கட்டும். காரியம் முடிஞ்சதும் இட்டுனு வரலாம்."

"அம்மா எங்கன்னு கேட்டா?"

"மெட்ராசு ஆஸ்பத்திரில சேர்த்துகீதுன்னு சொல்லு. எட்டு வயசுப் புள்ளடா. இந்தக் கோலத்துல பார்த்தா பயந்துக்கும். எங்க தெருவுல ஒரு பொண்ணு அப்படித்தான், ஆறு மாசம் வாயே தொறக்கல."

அவன் தலையசைத்தான். மறுத்துப் பேச உடம்பில் எதுவும் மிச்சமில்லை. பொய்யும் புதிதல்ல. பொங்கல் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வயிற்றில் இருப்பது கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போ என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்து, புண்தான், கோடைக்குள் ஆறிவிடும் என்று நாகவல்லியிடம் சொன்னான். மகளிடமும் அதையே சொன்னான். அன்றிலிருந்து தினமும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் ஆவடி மிலிட்டரி கேம்புக்குக் கல் சுமக்கப் போனான். வரும்போது அதையே சுமந்துகொண்டு வந்தான்.

இன்று காலை வேம்பு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். அவன்தான் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பினான். அவள் போன கொஞ்ச நேரத்தில் நாகவல்லி இரண்டு முறை மகளின் பெயரைச் சொன்னாள். சாயங்காலம் வந்துவிடும் என்றான். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டியிருந்த கூரைக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். மதிய மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வெளியே தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேபி டீச்சர் பாயில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் பக்கத்தில் வேம்பு. பலகையில் எதையோ எழுதினாள், உள்ளங்கையால் அழித்தாள், மறுபடி எழுதினாள். டீச்சர் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

எத்திராஜ் வாசலில் நிற்பதைக் கண்டதும் டீச்சர் எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் நடந்தாள்.

"எப்போ?"

"காலையில. வேம்பு கிளம்பி வந்த கொஞ்ச நேரத்துல."

சாலையில் மிலிட்டரி லாரிகள் போய் முடியும்வரை அவன் காத்திருந்தான்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்துகீது, அத்தை ஊட்ல போய் இருன்னு. நீங்க சொன்னா நம்பும்."

"நம்பாதுங்க."

"ஏன்?"

"அவளுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது மொதல்ல இருந்தே தெரியும். உங்க சம்சாரமே சொல்லியிருக்காங்க."

"வல்லிக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை போல. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்பாகிட்ட காட்டிக்காதே, அது தாங்காதுன்னு வேம்புகிட்ட சொல்லி வச்சிருக்காங்க."

எத்திராஜ் ஏரியைப் பார்த்தான். பங்குனி வெயிலில் தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடந்தது. அந்தச் சின்ன வீட்டில் அவன் அவர்களிடமிருந்தும், அவர்கள் அவனிடமிருந்தும் ஒரே விஷயத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் எதிரில் நிற்பவள் மேல் வந்தது.

"எங்க ஊட்டுக் கதையெல்லாம் இங்க பேசிகினு இருந்தீங்களா? நான் படிக்கத்தான் அனுப்பினேன்."

"நான் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. மனசு சரியில்லாத புள்ளைங்க மணி அடிச்சதும் பக்கத்துல வந்து உட்காரும். சொல்லணும்னு தோணினா சொல்லும். வாயில வராததப் பலகைல எழுதி அதுங்களே அழிச்சிடும். அவ்வளவுதான்." கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினாள். "வாய்ப்பாடு முடியலன்னு பெரிய வாத்தியார் ஏசறாரு. இது சரியா தப்பான்னு எனக்கும் தெரியல."

அதற்குள் ஒரு சிறுமி ஓடி வந்தாள். "டீச்சர், முனியன் மறுபடியும் பல்பத்தத் தின்றான்."

"இன்னிக்கு எத்தனாவது?"

"மூணாவது. தொட்டுக்க உப்பு வேற கேக்கறான்."

"நான் வரேன், போ."

சிறுமி போனபிறகு எத்திராஜ் மெதுவாகக் கேட்டான். "வேற இன்னா சொல்லிச்சு எம் பொண்ணு?"

"அது அவ சொன்னதுங்க. நான் சொல்லக் கூடாது." கொஞ்சம் பொறுத்து, "நீங்க கேளுங்க" என்றாள்.

வேம்பு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். டீச்சர் குனிந்து, சரியாகவே இருந்த அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டுவிட்டாள்.

கரையில் அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். மூன்று முறை வாயைத் திறந்தான்.

"கால் சுடுதா?"

"இல்ல."

புளியமரத்தடியில் ஒற்றைமாட்டு வண்டி நின்றிருந்தது. பொன்னியம்மாவின் புருஷன் துலுக்காணம் கீழே குதித்தான்.

"வாங்க மகாராணி. உங்கத்தை ஊட்டுக் கோழி பத்துக் குஞ்சு பொரிச்சிகீது. அதுல ஒண்ணு உன்ன மாரியே மொறைக்குது. வந்து பாரு, யாரு ஜெயிக்கறீங்கன்னு."

வேம்பு சிரிக்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. அதன்மேல் அவளுடைய பாவாடை சட்டைகள் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவள் மூட்டையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா."

"ம்."

"அம்மாவக் குளிப்பாட்டிட்டாங்களா?"

துலுக்காணம் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி என்ற சொல் எத்திராஜின் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அவன் அதை விழுங்கினான்.

"இன்னும் இல்ல" என்றான். வண்டியிலிருந்து மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

இப்போது அவள் முன்னால் நடந்தாள். அவன் எட்டிப் போட்டு நடக்க வேண்டியிருந்தது.

வீட்டின் பின்புறம் கீற்றுத் தடுப்புக்குள் பலகையில் நாகவல்லியைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் மஞ்சள் அரைத்து வைத்திருந்தார்கள். பித்தளைத் தவலை நிறையத் தண்ணீர். பொன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டா இட்டாந்த?"

"இருக்கட்டும்க்கா."

வேம்பு அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அலறவில்லை. தவலைக்குள் விரலை விட்டாள்.

"சில்லுனு கீது."

"அதனால இன்னாம்மா?"

"அம்மாவுக்குச் சில்தண்ணி ஆவாது அத்தை. ஒடம்பு தூக்கிப் போடும். வெந்நிதான் ஊத்தணும்."

மஞ்சள் கிண்ணத்தை வைத்திருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னியம்மாவின் குரல் இறங்கியது. "எடுக்கற வரைக்கும் ஊட்ல அடுப்பு மூட்டக் கூடாதும்மா."

வேம்பு யோசித்தாள். பிறகு தவலையின் விளிம்பைப் பிடித்துத் தடுப்பின் நிழலிலிருந்து வெளியே இழுத்தாள். அது அசையவில்லை. எத்திராஜ் மறுபக்கம் பிடித்தான். இருவரும் தூக்கிவந்து வெயில் நன்றாக விழும் இடத்தில் வைத்தார்கள். கொஞ்சம் தளும்பி மண்ணில் சிந்தியது.

"பொழுது போய்டும் எத்திராஜு. ஆளுங்க வந்துகினு கீறாங்க."

"போவட்டும்க்கா."

அவன் தவலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வேம்பு அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வாசலில் மேளக்காரர்கள் மேளத்தோலை அனலில் காய்ச்சும் புகை வந்தது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து விரலை விட்டுப் பார்த்தாள். அப்பாவிடம் தலையை ஆட்டினாள்.

இன்னும் இல்லை.