ஸ்விட்சுக்குப் போகும் கை

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டிலிருந்து கிடைத்தது. எட்டிப் பார்த்து எடுத்தது என்று தெருவில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் எழுதுகிற மேசைக்கு நேராக அவர்கள் வீட்டுப் பால்கனி வந்ததற்கு எங்கள் வேங்கிக்காலில் மனை பிரித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் கையில்

அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் மழை கொட்டினால் எல்லாருமேதான் ஓடுவார்கள், மாடியில் காயும் துணியை எடுக்க. அதோடு, இது என் தொடக்கமும் இல்லை. விமல்ராஜுடையது.

விமல்ராஜ்தான் எதிர்வீட்டுக்காரர். சென்னையில் பல படங்களுக்கு உதவி இயக்குநராக இருந்தவர். மனைவி அருணாதேவிக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை என்பதால் இங்கே வந்து, சொந்தப் படத்துக்குக் கதை எழுதுகிறார். திரில்லர். ('இன்னும் எழுதுறாராமே' என்று தெருவில் விசாரிப்பார்கள், 'இன்னும்' என்பதை நன்றாக இழுத்து.) அவர் எழுதுவதை எனக்கு வாசித்துக் காட்டுவார். பத்திரிகைக்கு அனுப்புமுன் என் கதையை நான் அவரிடம் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் வேறு ஆள் அகப்படவில்லை என்பதுதான் உண்மை.

2

மழையில் ஓடுகிறவனை அவர் வாசித்துக் காட்டிய அன்று நான் கேட்டேன்:

"யாரு தம்பி ஓடுறது?"

"அதான் சஸ்பென்ஸ் அக்கா."

"யாருனே தெரியாதவன் ஓடினா எனக்கு இன்னா? செங்கம் பஸ்ஸப் புடிக்க ஓடுறானோ என்னமோ."

விமல்ராஜின் முகம் சுருங்கிப்போனது. தாளை மடித்துக்கொண்டு போனவர் மறுநாள் முழுக்கப் பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஓடுகிறவனை மனதுக்குள் நிறுத்தினார். மழையையும் நிறுத்தினார். அவனை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அங்கே அவன் சும்மா இருந்தான். சும்மா இருக்கிறவனைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. ஓடுகிறவன் ஏற்கெனவே தப்பிக்கத் தொடங்கிவிட்டான், சும்மா இருக்கிறவனுக்குத் தப்பிக்க வேண்டும் என்பதே தெரியாது. அந்த இடத்தில் அவர் தொடையில் தட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

புதுத் தொடக்கம் இது. ஒரு வீடு, சாயங்காலம். அடுப்பில் பால். ஹாலில் ஒருவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறான். பால் பொங்கி வழிந்து தீ அணைகிறது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வெளிச்சம் மங்குகிறது. அவன் கை லைட் ஸ்விட்சுக்குப் போகிறது. போன் அடிக்கிறது. கை திரும்பி வருகிறது. "குழம்பு இருக்கா, வாங்கிக்கணுமா?" என்று போனில் கேட்டுக்கொண்டே மறுபடியும் அந்தச் சுவர்ப்பக்கம் வருகிறான்.

"அடேய், போடாதடா!" என்று நான் கத்தியே விட்டேன்.

விமல்ராஜ் சிரித்தார். "பாத்தீங்களா? அவன் ஒண்ணுமே பண்ணல. பட்டன் போடுறான், குழம்பு கேக்குறான். பயந்தது நீங்க. உங்களுக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. நடுவுல இருக்குற அந்த இடைவெளிதான் அக்கா எல்லாமே. அதை எவ்ளோ ஜாஸ்தி இழுக்குறமோ அவ்ளோ நல்லது."

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. தெருவுக்கே தெரிந்தது ஒரு வீட்டுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதை நாங்கள் டிக்கெட் இல்லாமல் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.*

* இதை வம்பு என்பவர்கள் உண்டு. அவர்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. அருணாதேவி. இவளை அழுத்தக்காரி என்றுதான் முதலில் எழுதினேன். யாரிடமும் நின்று பேச மாட்டாள் என்றும் எழுதினேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் பால்கடை முன்னால், அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் பூக்காரம்மாவிடம் கேட்டாள்:

"புது வீட்ல பால் காய்ச்ச வியாழன் நல்லதா, வெள்ளி நல்லதா?"

யாருக்குப் புது வீடு? பிறகு ஒரு நாள் புத்தம்புதுப் பால் பாத்திரம் வாங்கி வந்தாள். ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை. பையில் போடாமல், தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் சாமி சிலையைத் தூக்கி வருவதுபோலக் கையில் ஏந்தி வந்தாள்.

(விமல்ராஜ் தன் காட்சியில் பாலைப் பொங்கவிட்டது தற்செயல். நான் இட்டுக்கட்டியதாக நினைக்கக் கூடாது. அவருக்கு அந்தப் பாத்திரம் வீட்டுக்கு வந்ததே தெரியாது.)

மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ஹஃப்சா சொன்னாள். அவள் தம்பி அஸ்பாக் குட்டியானை ஓட்டுகிறான். யானை என்றால் யானை இல்லை, வீட்டுச் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி.

"அருணா வண்டி சொல்லியிருக்காங்க அக்கா. ஆசிரமத்துப் பக்கம் ஒரு ரூம் எடுத்திருக்காங்களாம். ஒரு கட்டிலு, ஒரு பீரோ. ஒத்த ஆளு சாமான்தான்."

"எப்போ?"

"பௌர்ணமிக்கு கிரிவல ரோட்டுல வண்டி வுடமாட்டாங்களே. அதான் மறுநா காலைல."

"விமலுக்குத் தெரியுமா?"

"எங்கேர்ந்து? நேத்து அஸ்பாக் கிட்ட வந்து, 'உன் வண்டி ஷூட்டிங்குக்கு வேணும்பா, எங்கயும் வாக்கு குடுத்துடாத'ன்றாரு. இவன் பேய் முழி முழிக்கிறான்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது. எங்கள் தெரு வாயை மூடிக்கொண்டது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் இன்னொரு வீட்டில் என்ன குழம்பு என்று தீர்ப்பு சொல்லுகிற தெரு இது. பாவம் என்று சிலர் பேசாமல் இருந்தார்கள், நமக்கெதுக்கு என்று சிலர். விமல்ராஜ் அந்த வண்டியின்மேலேயே சாய்ந்துகொண்டு டீ குடித்தார். ஹஃப்சா என்னைப் பார்த்தாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். செடி தண்ணீரில் மிதந்தது.

[இங்கே அருணாதேவி தனியாக உட்கார்ந்து அழுவதாக ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் அவளே சொல்வாள்.]

4

கறிவேப்பிலை கேட்டுத்தான் வந்தாள். பறித்துக் கொடுத்தேன். போகவில்லை.

"இந்தத் தெருவுல யாருக்கும் வாய் இல்லையா அக்கா?"

"இன்னாம்மா சொல்ற?"

"பால்கடையில கத்திக் கேட்டேன். பாத்திரத்த ஊர் பாக்கத் தூக்கிட்டு வந்தேன். அஸ்பாக்க வுட்டா இந்த ஊர்ல வேற வண்டியே இல்லையா? எதிர்வீட்டுப் பையன்கிட்ட ஏன் சொன்னேன்? பொழுது சாயறதுக்குள்ள அவர் காதுக்குப் போயிடும்னு நெனச்சேன். ஒருத்தர்கூடச் சொல்லல! மத்ததெல்லாம் மட்டும் பறக்குது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதானே நினைத்தோம், இவள் எங்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தாள். ஊர் ரகசியம் காத்ததே இல்லை என்று நம்பிக் கொடுத்த வேலை.

"நீயே சொல்லலாமேம்மா?"

"நான் சொன்னா அது சீன் ஆயிடும். எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். இவரு எதிர்ல வந்து உக்காந்து என் மூஞ்சியவே பாத்தாரு. ஆறுதலா ஏதோ சொல்லப்போறாருன்னு இருந்தேன். 'அருணா, அப்படியே இரு. போன் வர்றதுக்கு முந்தி இருக்கிற மூஞ்சி, இதத்தான் தேடினேன்'னாரு. அப்புறம் போன் வந்துச்சு. அப்பா போயிட்டாரு."

கறிவேப்பிலைக் கொத்தை ஒவ்வொரு இலையாக உருவிக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது சொன்னாதான் அவருக்கு அது சேதி. நான் சொன்னா, சரியா அழறேனான்னு பாப்பாரு."

"அவருக்குத் தெரிஞ்சுட்டா போகமாட்டியா?"

"தெரியலக்கா. தெரிஞ்சதும் அவர் வாய்லேர்ந்து மொதல்ல இன்னா வருதுன்னு கேக்கணும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. விமல்ராஜ் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். வீட்டில் பாதிச் சாமான் இல்லை. திரில்லர் பிரியர்களுக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றதை எங்கே வைப்பது?

ஆ. கிரிவலக் கூட்டத்தில் அவர் அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடுகிறார், அவள் திரும்பிப் பார்க்கிறாள். பௌர்ணமிக் கூட்டத்தில் நான் கழற்றிவிட்ட செருப்பையே கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இ. படம் ஓகே ஆகிறது, அருணாதேவி பெருமைப்பட்டு அவள்

வேண்டாம். அவள் படித்தால் என் கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கிவிடுவாள், அது நியாயமும்கூட.

ஆகவே கதையை ஓரமாக வைத்துவிட்டு நேரில் சொல்லவே போனேன். என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் படியில் நின்றேன். விமல்ராஜ் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் பளிச்சென்றது.

"அக்கா, அப்படியே நில்லுங்க! ஏதோ சொல்ல வந்து சொல்லாம நிக்கிறீங்க பாருங்க, அந்த மூஞ்சி—"

திரும்பி வந்துவிட்டேன். கோபத்தில் இல்லை. அருணா சொன்னது அதுவரை எனக்கும் ஒரு கதையாகத்தான் இருந்திருக்கிறது, அந்தப் படியில்தான் அது என் மேல் பட்டது.

6

இன்று பௌர்ணமி. மலையைச் சுற்றக் கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு ரோடு திறந்துவிடும்.

விமல் தம்பி, நான் எழுதியதை முதலில் படிக்கிறவர் எப்போதும் நீங்கள்தான். வேறு யாருக்கும் இதைக் காட்டவில்லை, அனுப்பவும் போவதில்லை. பெயர் எதையும் மாற்றவில்லை. ரூம் நிஜம். வண்டி நிஜம். காலையில் அஸ்பாக் வருவான்.

முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வராமல் இப்படிச் செய்கிறேன். இதில் ஒரு பயம் உண்டு. 'ஓப்பனிங் நல்லாருக்கு அக்கா, நடுவுல கொஞ்சம் கம்மி பண்ணுங்க' என்று எனக்குப் போன் பண்ணிவிடுவீர்கள் என்கிற பயம். பண்ணாதீர்கள். முடிவு என்னிடம் இல்லை, நான் எழுதவும் மாட்டேன்.

தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். அருணா அடுக்களையில்தான் இருப்பாள். முதல் வார்த்தை என்ன என்று வழியில் யோசிக்காதீர்கள், யோசித்தால் அது வசனமாகிவிடும்.

போங்க.