பின்னறைப் பனியில் நான்கு கத்திகள்

தில்லியில், மயூர் விஹார் முதல் கட்டத்தில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், இராஜமாணிக்கம் வீட்டுப் பின்னறையில் மட்டும் ஒரு அக்டோபர் மாதம் பனி பெய்யத் தொடங்கியது. வெளியே தீபாவளிக்கு முந்தைய புகைமூட்டமும் சட்டையை நனைக்கும் புழுக்கமுமாக இருந்தது. அந்த அறை அவருடைய மகள் இந்துஜாவுடையது. குர்கானில் நிதி நிறுவனமொன்றில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக அவள் இமயமலையிலுள்ள முன்சியாரிக்குப் போயிருந்தாள். அவள் போன முதல் வாரம் அறையில் தூறல் மட்டும் இருந்தது. குழாய் கசிகிறது என்று நினைத்து ப்ளம்பரை வரவழைத்தார்கள். அவர் ஸ்டூல் மேல் ஏறித் தட்டிப் பார்த்து, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, மேகம்தான் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிறகுதான் அவர் மனைவி வள்ளியம்மை கவனித்தார். மகள் போனில் அங்கே காற்று என்று சொன்னால் இங்கே திரைச்சீலை பறந்தது. அங்கே வெயில் என்றால் இங்கே தரை காய்ந்தது. மகள் எந்த வானத்தின் கீழ் இருக்கிறாளோ அந்த வானம் அவளுடைய அறைக்கு வந்துவிடுகிறது என்பது உறுதியானதும், கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டு பீரோவுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

கீழ்வீட்டில் இருந்தவர் தூத்துக்குடிக்காரரான ஆல்பர்ட். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அவருடைய படுக்கையறைக் கூரையில் ஈரம் இறங்கிப் பூசணம் பூத்தபோது மேலே வந்து, பின்னறைக் கதவைத் திறந்து, கணுக்கால் அளவு பனியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பாத்ரூம் ஒழுகினா சங்கத்து விதியில வழி இருக்கு. இதுக்கு நான் எந்த விதியைப் பாக்க?” என்றார்.

“தரைக்கு ரசாயனம் பூசிடலாம் ஆல்பர்ட். என் செலவு.”

“அது சரி. பிள்ளை எப்படி இருக்கா?”

இராஜமாணிக்கம் மனைவி பக்கம் திரும்பினார். வள்ளியம்மைதான், நல்லா இருக்கா தம்பி, அங்க இப்ப பனி, என்று அறையைக் கையால் காட்டினார். தரைக்கு நீர்க்காப்புப் பூச்சு பூசினார்கள். பொதுக்குழுக் கூட்டத்தில் ஒருவர் இதை எழுப்பப் பார்த்தார். ஆனால் லிஃப்ட் பழுது பற்றிய விவாதத்திலேயே நேரம் முடிந்துவிட்டதாகத் தெரிகிறது.

இராஜமாணிக்கம் மனைவி பக்கம் திரும்பியதற்குக் காரணம், அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதுதான். மகள் புறப்பட்ட அன்று, “போ, காலை ஒடிச்சுக்கிட்டு வந்து நிப்ப, அன்னிக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். அவள், “அச்சா, அப்ப காலோட வந்தா பேச மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தாள். அதன்பின் அவர்கள் இருவரும் பேசவில்லை. அவள் அம்மாவிடம் மட்டும் பேசினாள். அவர் அந்த நேரத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் இருப்பார்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் வள்ளியம்மை, கயிறு அறுக்கும்போது அவளோட கத்தி ரெண்டாப் போச்சாம், இரவல் கத்தியை வெச்சு ஓட்டிட்டிருக்காளாம், என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் இராஜமாணிக்கம் கரோல் பாக்குக்குப் போனார். கோல் மார்க்கெட் அருகே ஒரு அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர் அவர். ஒரு மேசை விளக்கைக்கூட மூன்று இடத்தில் விசாரித்து, தரத்தை ஒப்பிட்டு, அதன் பிறகே வாங்கிப் பழகியவர். மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் முதல் நாள் அவர் எதுவும் வாங்கவில்லை. கடைக்காரரிடம், இது எந்த எஃகு, இதில் கரி எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நின்றார். கத்தி என்றால் கத்திதானே என்று அதுவரை நினைத்திருந்தவருக்கு, துரு ஏறாத எஃகு அடிபட்டால் வளையலாம், கூர் போகாத எஃகு குளிரில் சிதறலாம், இரண்டையும் தாங்குகிற எஃகு மழையில் துருப்பிடிக்கலாம் என்பது தெரிந்தபோது, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நான்கு கத்திகள் வந்து சேர்ந்தன. ஒன்று எவர்சில்வர் ரகம். அடுத்தது டி2 என்னும் எஃகு, இரும்பு வெட்டும் அச்சுகள் செய்ய ஆலைகளில் பயன்படுவது. மூன்றாவது, எஃகைப் பொடியாக்கி மறுபடி அழுத்திச் செய்கிற புதிய ரகம். அதைப் பொட்டலத்திலிருந்து எடுக்கும்போது கடைக்காரரே கையைத் துடைத்துக்கொண்டார். நான்காவது, சாலையோரம் கூடாரம் போட்டிருக்கும் லோஹார் என்னும் கொல்லர் குடும்பம் ஒன்று லாரியின் வில்பட்டையை வெட்டி அடித்துக் கொடுத்த கறுத்த கத்தி. கணவன் பிடிக்க மனைவி சம்மட்டி போட்டாள். இருவரும் வேலை முடியும்வரை ஏதோ கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்கு மட்டமானது ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் இராஜமாணிக்கம் அதை வாங்கினார்.

எந்தச் சோதனைக்கூடத்திலும் இல்லாத வசதி அவர் வீட்டில் இருந்தது. மகள் நிற்கும் இடத்தின் மழை, காற்று, உறைபனி எல்லாம் பின்னறையில் அப்படியே கிடைத்தன. குறுக்கே கொடி கட்டி நான்கையும் தொங்கவிட்டார். ஸ்வெட்டரும் குரங்குக்குல்லாயும் போட்டுக்கொண்டு, மே மாதத்தில்கூட, உள்ளே போய் வருவார். முதல் பருவமழையில் வில்பட்டைக் கத்தி ஒரே வாரத்தில் செம்மண் நிறமானது. வள்ளியம்மை அதைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் திரும்ப மாட்டினார். எவர்சில்வர் பளபளவென்றே இருந்தது, ஆனால் சணல் கயிற்றில் கொஞ்சம் அறுத்ததும் வழுக்கியது. டி2 கயிற்றை வெண்ணெய் போல அறுத்தது. ஜனவரியில் அறை உறைந்து கிடந்தபோது அதைச் சால மரக்கட்டையில் வைத்து, முதுகில் பூரிக்கட்டையால் அடித்தார். ஒரு கணுவில் பட்டதும் விளிம்பு பல் விழுந்த மாதிரி உதிர்ந்தது. பூரிக்கட்டையும் பிளந்தது. அதற்காக அந்த வீட்டில் பல நாட்கள் சப்பாத்தி இல்லை, சோறுதான். வில்பட்டைக் கத்தியை அவர் இரக்கமே இல்லாமல் அடித்தார், வளைத்தார், கதவிடுக்கில் செருகி நெம்பினார். அது மழுங்கியது, துருவேறியது, உடையவில்லை. பொடி எஃகுக் கத்திதான் எல்லாவற்றிலும் முந்தி நின்றது. ஒரு பருவம் முழுக்க அறுத்தும் அதன் கூர் அப்படியே இருந்தது. ஆனால் அதை மட்டும் அவர் மரத்தில் வைத்து அடிக்கவில்லை, மனம் வரவில்லை.

இப்படி இரண்டு மழைக்காலமும் இரண்டு குளிர்காலமும் போயின. அவர் இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம், இன்னும் ஒரு பருவம் பார்த்துவிடலாம் என்றார். வள்ளியம்மை ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

“எதுக்குக் கத்தி வேணும்னு அவகிட்டயே கேட்டா என்ன? போன்ல நம்பர் இருக்கு.”

“அவளுக்கு எஃகைப் பத்தி என்ன தெரியும்?”

“உங்களுக்கு அவளைப் பத்தி என்ன தெரியும்? இங்க நாலு கத்தி கொடியில தொங்குது. அங்க அவ பல்லால கயித்தக் கடிச்சிட்டிருக்கா.”

அவர் அரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரி மாதம் ஒரு முற்பகலில், பின்னறைக் கதவு உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல் அதிர்ந்தது. காற்று ஊளையிட்டது. ஆல்பர்ட்டின் மனைவி கீழேயிருந்து, என்னக்கா சத்தம் என்று கேட்டார். சற்று நேரத்தில் எல்லாம் நின்றது. இராஜமாணிக்கம் கதவைத் திறந்தபோது பனி இடுப்புக்கு மேல் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே மயூர் விஹாரில் வெயில் அடித்தது, காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு பொட்டுகூட அறைக்குள் வரவில்லை. உள்ளே கும்மிருட்டு. மகளுக்கு மேலே இப்போது வானம் இல்லை, பனிதான் இருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வள்ளியம்மை போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். அவளுடைய மலையேற்றக் குழுவின் அலுவலகத்துக்குப் போட்டார். இரண்டு பேரை அழைத்துக்கொண்டு மேலே போனவள் திரும்பவில்லை, தேட ஆள் அனுப்புகிறோம், என்றார்கள்.

இராஜமாணிக்கம் பனியைக் கையால் விலக்கிக்கொண்டு கொடியிடம் போனார். இருட்டில் தடவி எடுத்தது பொடி எஃகுக் கத்தியை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது உடையுமா உடையாதா என்பது தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. இவ்வளவு காலம் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பத்திரமாக வைத்திருந்ததால் அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருந்துவிட்டார். அதைத் திரும்ப மாட்டிவிட்டு, தான் அடித்து வளைத்து நெம்பிப் பார்த்த, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கறுத்த கத்தியை எடுத்தார். பிடியை முன்னால் நீட்டி இருட்டுக்குள் காட்டினார்.

“இந்தா” என்றார். “இந்தும்மா, இந்தா, பிடி.”

யாரும் வாங்கவில்லை. விரல்கள் மரத்துப்போகும் வரை நீட்டியபடியே நின்றார். வள்ளியம்மை கதவருகே அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்தாமலேயே சொன்னார்.

“என்னங்க நீங்க, கத்தியப் போய்க் கையிலயா குடுக்கறது? இருக்கற சண்டை போதாதா? கீழ வைங்க. அவளே எடுத்துக்குவா.”

அவர்கள் வீட்டில் கத்தியையும் உப்பையும் மிளகாயையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதில்லை, சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் எடுப்பார்கள். அவசரத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது. குனிந்து, பனியை விலக்கி, தரையில் கத்தியை வைத்தார். கையை எடுத்து, மறுபடி தடவினார். தரை இருந்தது. கத்தி இல்லை.

அன்று பிற்பகல் பின்னறைக்குள் முதலில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. பிறகு நீல வானம் முழுதாக வந்து, பனி கண்ணைக் கூசச் செய்தது. வள்ளியம்மை அங்கேயே, ஈரத்தில், உட்கார்ந்துவிட்டார். போன் மறுநாள்தான் வந்தது. இந்த முறை அது இராஜமாணிக்கத்தின் போனுக்கு வந்தது.

“அப்பா, ஜல்தி சொல்லிடறேன், நெட்வர்க் போயிடும். ஆடு மேய்க்கறவங்க குடிசையில ஒதுங்கினோம், மேலேர்ந்து பனி சரிஞ்சு மூடிருச்சு. கதவு உறைஞ்சு திறக்கல. நம்ம வீட்டுத் தேங்காயெண்ணெ வாசனையோட ஒரு கத்தி கால்கிட்ட கிடந்துச்சு. கூரைப் பலகைய நெம்பி ஒடச்சு வெளிய வந்தோம். மூணு பேரும் டீக் ஹை, நல்லா இருக்கோம்ப்பா.”

“அலகுல விரிசல் இருக்கா பாரு.”

“விரிசல் இல்ல. முனை கொஞ்சம் மடங்கியிருக்கு.”

“மடங்கலாம். ஒடையத்தான் கூடாது.” அவர் போனை மறுகாதுக்கு மாற்றினார். “கையெல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு.”

“காலு?”

“ரெண்டும் இருக்குப்பா” என்றாள் அவள். “இப்ப பேசலாம்ல?”

அவர் போனை வள்ளியம்மையிடம் தரவில்லை என்றும், வள்ளியம்மையும் கேட்கவில்லை என்றும் சொல்கிறார்கள்.

அதன்பின் வள்ளியம்மை இட்லிப்பொடியை வைத்துப் பார்த்தார். போகவில்லை, நனைந்து வீணானது. கம்பளி உறைகளும் போகவில்லை. கத்தி மட்டும் போகிறது, வருகிறது. மழுங்கிவிட்டால் அவள் அங்கே தரையில் வைக்கிறாள். இங்கே பின்னறைத் தரையில் கிடக்கிறது. சில சமயம் அதில் பைன் பிசின் ஒட்டியிருக்கும், சில சமயம் ஆப்பிள் தோல். ஒருமுறை உருளைக்கிழங்கின் மாவு காய்ந்திருந்தது. அதைக் கண்டு வள்ளியம்மை, இன்னிக்கு வெந்ததா சாப்பிட்டிருக்கா, என்று ஆறுதல் அடைந்தார். இராஜமாணிக்கம் பால்கனியில் சாணைக்கல்லை நனைத்து வைத்து, முதலில் சொரசொரப்பான பக்கத்திலும் பிறகு வழவழப்பான பக்கத்திலும் தீட்டுகிறார். வள்ளியம்மை எண்ணெய் தடவுகிறார். கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு வந்தால், டீ கொதிப்பதற்குள் அது போய்விடுகிறது.

சென்ற மாதம் கரோல் பாக் கடைக்காரர் போன் செய்தார். புதிதாக ஓர் எஃகு வந்திருக்கிறது அங்கிள்ஜி, ஏழெட்டு மாதத்துக்குத் தீட்டவே தேவையில்லை, உங்கள் மகளுக்கு எடுத்து வைக்கட்டுமா என்று இந்தியில் கேட்டார். இராஜமாணிக்கம் அதில் கரி எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று வழக்கம்போல எல்லாம் விசாரித்தார். பிறகு, வேண்டாம் பையா, எங்களுக்குச் சீக்கிரம் மழுங்குகிறதுதான் சரி, என்றார். அந்த நேரத்தில் நீர்க்காப்புப் பூச்சைப் பார்க்க வந்திருந்த ஆல்பர்ட் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, கத்தி வந்து கிடக்கு” என்றார். இராஜமாணிக்கம் போனை வைத்துவிட்டு, கல்லை நனைக்கப் போனார்.